கொக்கி தொட்டால் பதினெட்டு

வெண்சாரல் எஸ்டேட், மூன்றாம் லயன்,
மேகமலை.
12-07-2024

அன்புள்ள தேவயானிக்கு,

பூமாரி எழுதுகிறேன். எந்தப் பூமாரி என்று நெற்றியைச் சுருக்காதே. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று உன் முழங்கையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தேனே, அந்தப் பூமாரி. இங்கே நான், அம்மா, மழை, அட்டைப்பூச்சி எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்பதற்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அதற்கு யார் யாரைத் திட்டுவது என்பதை நேரில் வைத்துக்கொள்வோம்.

போன வாரம் எங்கள் வக்கீல் ஹேமாவதி சின்னமனூரிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தனுப்பினார். எஸ்டேட்டின் பென்ஷன் டிரஸ்ட் எங்கள் ஆட்கள்மேல் போட்டிருக்கிற வழக்கு. இருபத்திரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து: சு. தேவயானி, ஆக்சுவரி, சென்னை. ஸ்டான்லி வாத்தியார் உன் அப்பா பெயரைக் கேட்காமலே உன் அம்மா பெயரின் முதலெழுத்தை எழுதினாரே, அந்தச் 'சு'வைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நம் சுப்புத்தாய் அத்தை மகள்தான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வழக்கு உனக்குத் தெரியும். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்ந்த அறுபத்து மூன்று பேருக்கும் ஏப்ரலோடு பென்ஷன் நின்றது. உன் கணக்குப்படி இந்த ஐந்து வருஷத்தில் எங்களில் பதினெட்டுப் பேர் செத்திருக்க வேண்டுமாம். ஏழு பேர்தான் செத்தார்கள். அதனால் செத்தவர்களை மறைத்துவிட்டு, வேறு பொம்பளைகளை உட்காரவைத்துக் கைரேகை போடுகிறோம் என்று டிரஸ்ட் சொல்கிறது.

டிரஸ்ட் ஆபீசர் ஒருவர் மேலே வந்தார். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு எழுபத்தெட்டா? இது பஞ்சம்மாளோட தங்கச்சியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அம்மாவுக்குத் தங்கையே கிடையாது. மறுநாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "ஏண்டி பூமாரி, நான் நாந்தானே? அவுக அடிச்சுச் சொல்றதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தேவயானி சித்திரகுப்தன் ஆபீசில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். "சம்பளம் நல்லாக் குடுப்பாகளா?" என்று கேட்டாள்.

அந்த முழங்கை ஞாபகம் இருக்கிறதா? கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. என் கை எட்டியது. உனக்கு நாலுகூட ஆகவில்லை, நெற்றியைத் தாண்டவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா வேலையை விட்டுப் போய்விட, உன்னை எங்கேயாவது விட்டுவிட்டுத்தான் உன் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவேண்டும். நான் பின்னால் நின்று உன் முழங்கையை இழுத்தேன். வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேருக்கும் 1-6-1984 என்று எழுதினார். அன்றிலிருந்து நமக்கு ஒரே பிறந்தநாள். மூத்தவள் நான், ஆனால் நீ என்னை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

கொழுந்து எடுக்கையில் நனையாமல் உடம்பில் சுற்றிக் கட்டிக்கொள்வாளே, அத்தையின் அந்த மழைச்சீட்டு இன்னும் எங்கள் சுவரில் ஆணியில்தான் தொங்குகிறது. நீ வந்து கேட்பாய் என்று யாருக்கும் கொடுக்கவில்லை.

பதில் போடு. டவர் எங்களுக்கு எட்டாது, போஸ்ட்மேன் எட்டுவார்.

கோபமும் பிரியமுமாக,
பூமாரி


சென்னை,
24-07-2024

அன்புள்ள பூமாரிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். ஏன் என்று தெரியவில்லை. வெளியே வெயில்தான் இருந்தது. ஏலக்காய் வாசனை வருகிற மாதிரி இருந்தது.

முதலில் ஒரு விஷயம், கோபப்படாமல் படி. இந்த விசாரணையில் நான் நிபுணர் சாட்சி. டிரஸ்ட்தான் என்னைக் கூட்டிவந்தது. ஆனால் சத்தியம் செய்து சாட்சி சொல்லும்போது நான் டிரஸ்டின் ஆள் இல்லை, உன் ஆளும் இல்லை. விசாரணை அதிகாரிக்குத் தெரியாத ஒன்றை அவருக்கு விளங்கவைக்க வந்தவள், அவ்வளவுதான். அதனால் வழக்கைப் பற்றி யார் எனக்கு என்ன எழுதினாலும் அது மேசைமேல் போகவேண்டும். உன் கடிதத்தை நகலெடுத்து அதிகாரிக்கும் இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் அனுப்பிவிட்டேன். முழுவதையும் அனுப்பினேன். பாதியை மறைத்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

என் ஆக்சுவரி வேலையைச் சித்திரகுப்தன் ஆபீஸ் என்றாயே. எண்பது வயதுக்காரர்கள் நூறு பேர் இருந்தால் அடுத்த வருடம் எத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்று சொல்வேன். யார் என்று சொல்லத் தெரியாது, எத்தனை பேர் என்று மட்டும் தெரியும். சித்திரகுப்தனுக்குப் பெயர்கள் தெரியும். நான் அவனைவிடச் சின்ன உத்தியோகம்.

செத்தவர்களை மறைக்கிறார்கள் என்று நான் எழுதவில்லை பூமாரி. பதிவேட்டில் உள்ள வயது சரியென்றால், ஏழு பேர் மட்டும் இறப்பது ஆயிரத்தில் மூன்று தடவைகூட நடக்காது என்றுதான் எழுதினேன். 'பதிவேட்டில் உள்ள வயது சரியென்றால்.' அந்த நான்கு வார்த்தைகளை வக்கீல் சூரியபிரகாஷ் தன் மனுவில் விட்டுவிட்டார். நானும் அவற்றை ஒரு பழக்கத்தில்தான் எழுதினேன். எல்லா அறிக்கையிலும் எழுதுவேன், எழுதிவிட்டு மறந்துவிடுவேன். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள் நான். அச்சடித்த பதிவேட்டைப் பார்த்ததும் ஆபீஸ்காரியாகிவிட்டேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா போன பதினாறாம் நாள் எஸ்டேட்டில் வீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். நீதான் சாமானையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் உன் வீட்டில் வைத்தாய். ஒரு நன்றி சொல்லாமல் பஸ் ஏறினேன். பிறகு எழுத நினைத்தபோதெல்லாம், எழுதாத நாட்கள் கூடிக்கொண்டே போயிருந்தன. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றும்.

பஞ்சம்மா அத்தையிடம் சொல், அவள் அவளேதான் என்று.

அன்புடன்,
தேவயானி


மேகமலை,
09-08-2024

அன்புள்ள தேவயானிக்கு,

இதைப் படிக்கப்போகும் விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கும், இரண்டு வக்கீல்களுக்கும் வணக்கம். மேலே சரியான மழை. ஐயா வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

பைத்தியக்காரி, முழங்கையையுமா அனுப்பினாய்? படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். சரி, நனைந்தது நனைந்தாயிற்று. அம்மா சொல்லாதே என்ற விஷயத்தையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா வேலைக்குச் சேர்ந்தது அறுபத்து நாலாம் வருஷம். அப்போது ஆள் எடுத்தவர் கருத்தக்கண்ணன் கங்காணி. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், கூடையை மாட்டும் தராசுக் கொக்கி ஒன்று தொங்கும். வேலை கேட்டு வந்த பிள்ளைகளை அந்தக் கொக்கிக்கு நேர் கீழே நிறுத்துவாராம். உச்சந்தலை கொக்கியைத் தொட்டால் பதினெட்டு வயது என்று பதிவேட்டில் எழுதுவார். தொடாவிட்டால், "போயி இன்னொரு மழைக்கு வா" என்று அனுப்பிவிடுவார். யாரிடமும் பிறந்த தேதி கிடையாது. கொக்கிதான் தேதி.

அம்மா வளர்த்தி. பதிமூன்று வயதிலேயே தொட்டுவிட்டாள். அவளுக்கு இரண்டு ஆள் பின்னால் உன் அம்மா நின்றாள். பன்னிரண்டு வயது, குள்ளம். ஒரு கல்லைக் கொண்டுவந்து பாவாடைக்குள் மறைத்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள். கங்காணி குனிந்து பார்த்தாராம். "ஏலே கல்லு, நீயும் வளந்துட்டயா?" என்று கல்லைக் கேட்டுவிட்டு, பதினெட்டு என்று எழுதினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நானும் சின்ன வயதிலிருந்து சிரித்திருக்கிறேன். இந்தத் தடவைதான் நடுவில் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வயது, தேவயானி. நான் சத்துணவு போடுகிறேனே, அந்தப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முட்டைக்குச் சண்டை போடுகிறார்கள்.

அம்மாவுக்கு நான் எழுதுவதில் இஷ்டமில்லை. "செத்த மனுசன் பேர எதுக்கு இழுக்குற? அவுக அன்னைக்கி எழுதலைன்னா எங்க வீட்ல உலை வச்சிருக்க மாட்டாக" என்கிறாள். இன்னொரு பயமும் உண்டு. வயது பொய் என்று நாமே ஒத்துக்கொண்டால், அதைச் சொல்லியே பென்ஷனை மொத்தமாக நிறுத்திவிட்டால்? பென்ஷன் நின்ற மற்றவர்களிடம் கேட்டேன். ராமுத்தாய் சொன்னாள்: "செத்துப்போனவள்னு சொல்றதுக்கு, பொய் சொன்னவள்னு சொல்லட்டும். அது தேவல."

அதனால் எழுதுகிறேன். எங்கள் பதிவேடு சொல்கிற வயதில் ஐந்தாறு வருஷம் நாங்கள் வாழாதது. எழுதியது கங்காணி. எழுதச் சொன்னது பசி. அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்றுதான்.

உன்,
பூமாரி


சென்னை,
20-08-2024

அன்புள்ள பூமாரிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆயிற்று. அனுப்பவேண்டியவர்களுக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ளத்தான் நேரம் ஆனது.

அம்மா இறந்தபோது அறுபத்து மூன்று என்று இறப்புச் சான்றிதழில் இருந்தது. அந்த எண்ணில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. அவள் பட்ட உழைப்புக்கும் மழைக்கும் அறுபத்து மூன்று குறைவில்லை என்று என் அட்டவணையை வைத்துக்கொண்டு என்னைத் தேற்றியிருக்கிறேன். நீ கல்லைப் பற்றி எழுதியிருந்தாய். கழித்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு. ஒரு கூட்டல் கழித்தலில் என் அம்மா ஆறு வருடம் சீக்கிரமாகச் செத்துப்போனாள். மறுபடியும் ஒரு தடவை செத்துப்போனாள் என்றுதான் இருக்கிறது எனக்கு. மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

மத்தியானம் அப்படியே கண் அயர்ந்துவிட்டது. கனவில் அந்தக் கொட்டகை. உள்ளே மஞ்சு பனிப்புகையாகப் புகுந்து நிற்கிறது. கொக்கி மட்டும் தெரிகிறது, அது எதில் தொங்குகிறது என்று தெரியவில்லை. வரிசையாகப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், தலை தொடுகிறது, சின்னதாக ஒரு சத்தம், அடுத்த பிள்ளை. பேனா என் கையில்தான் இருக்கிறது. அம்மா வந்தாள். கல்லிலிருந்து இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அந்தப் பாவாடை பச்சை நிறம். நிஜத்தில் என்ன நிறம் என்று அத்தையைக் கேட்டுச் சொல்.

எழுந்து கணக்கை மறுபடி போட்டேன். எல்லோருக்கும் ஆறு வயது குறைத்தால் பதினெட்டுப் பேருக்குப் பதிலாகப் பத்துப் பேர் வருகிறது. ஏழு பேர் இறந்தார்கள். பத்தை எதிர்பார்த்த இடத்தில் ஏழு என்பது எந்த ஊரிலும் நடக்கும். யாரும் யாரையும் மறைக்கவில்லை. கூடுதல் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். டிரஸ்டிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது, இனி எனக்கு அவர்கள் வேலை தருவதாக இல்லை.

இப்போது சிக்கலைக் கேள். கொக்கிக்கு எந்தக் காகிதமும் இல்லை. உன் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. அதே ஆள் முதல் கடிதத்தில் என் முழங்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். சூரியபிரகாஷ் என்னிடம் அதைத்தான் கேட்பார். முழங்கை நிஜம் என்றால், என் சான்றிதழ், பாஸ்போர்ட், தொழில் உரிமம் எல்லாவற்றிலும் பொய்த் தேதி போட்டவள் ஆவேன். முழங்கை வெறும் விளையாட்டுப் பேச்சு என்றால், கொக்கியும் விளையாட்டுப் பேச்சுதான் என்று அவர் முடித்துவிடுவார்.

செப்டம்பர் 18 அன்று தேனியில் விசாரணை. அதுவரை எழுதாதே.

தேவயானி


மேகமலை,
02-09-2024

தேவயானி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதையும் அனுப்பிக்கொள்.

முழங்கை விளையாட்டுக்கு எழுதியது என்று சொல்லிவிடு. கேட்டால் நானும் அப்படியே சொல்கிறேன். பதினாறு பரீட்சையோ என்னமோ எழுதி நீ இந்த இடத்துக்கு வந்தாய் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரு முழங்கைக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்களுக்கு வேறு வழி பிறக்கும். இல்லாவிட்டாலும் போகட்டும். அம்மாவும் இதையேதான் சொல்கிறாள். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரப்படாதுடி" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாவாடை பச்சையில்லை, ஊதா. கல்லை மறைக்க அம்மாதான் தன்னுடைய நீளப் பாவாடை ஒன்றைக் கொடுத்தாளாம்.

பூமாரி


தேனி,
19-09-2024

அன்புள்ள பூமாரிக்கு,

உங்களுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வளைவில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது என்று வக்கீல் ஹேமாவதி சொன்னார். நீ பார்க்காததால் நானே சொல்கிறேன். சாட்சி சொல்லி முடிந்துவிட்டதால், இது உனக்கு மட்டும் எழுதும் முதல் கடிதம்.

காலையில் வீரபாண்டிக்குப் போய் கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். உன் கடைசிக் கடிதம் பையில் இருந்தது. விளையாட்டு என்று சொல்லிவிடலாம் என்று பாதி மனது சொல்லியது. பயமாகத்தான் இருந்தது பூமாரி, நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை.

பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தேன். சூரியபிரகாஷ் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க சிநேகிதி எழுதியிருக்காங்க, உங்க வயசு பொய்னு. அது விளையாட்டுக்குச் சொன்னதுதானே?"

"இல்லைங்க. நிஜம்."

"உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற தேதி?"

"பொய்."

"அப்போ இத்தனை வருஷமா எல்லா இடத்துலயும் பொய்க் கையெழுத்துப் போட்ட ஒருத்தரோட அறிக்கையை இந்த விசாரணை நம்பணுமா?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. என் குரல் எங்கிருந்தோ வந்தது, நம் லயனில் பேசுகிற குரல். "ஐயா, பொய்யான ஒரு தேதி எப்படி உண்மையாகும்னு இங்கன எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒருதடவ பதிவேட்டுல ஏறிட்டா அப்புறம் யாருமே கேக்க மாட்டாக. நானே கேக்கல. அறுபத்து மூணு பேரோட வயச அந்தப் பதிவேட்டுல இருந்து எடுத்துக் கணக்குப் போட்டப்பவும் கேக்கல. தப்பு என்னோட முதல் அறிக்கையில இருக்கு."

அவர் விடவில்லை. நிஜ வயது குறைவென்றால் ஐந்தாறு வருடம் முன்கூட்டியே பென்ஷன் வாங்கிவிட்டார்களே என்றார். வாங்கினார்கள் என்றேன். ஐந்தாறு வருடம் முன்கூட்டியே வேலையும் செய்தார்கள். பதிமூன்றில் ஏறி ஐம்பத்து மூன்றில் இறங்கினாலும், பதினெட்டில் ஏறி ஐம்பத்தெட்டில் இறங்கினாலும் கூடை சுமந்தது நாற்பது வருடம்தான். பென்ஷன் அந்த நாற்பதுக்கு என்றுதான் டிரஸ்டின் விதியிலும் இருக்கிறது.

பிறகு விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரிம்மா, நீங்க நிஜமா எப்பப் பிறந்தீங்க?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. அம்மாவை நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. "தெரியாதுங்கய்யா" என்றேன். மற்றவர்களின் ஆயுளைக் கணக்குப் போட்டுச் சாப்பிடுகிறேன், என் வயது எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் அழாமல் இருந்தேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். கடைசியில், "வணக்கம் சொல்லி எழுதினாங்களே, அவங்க வரலையா? வந்து சேர்ந்ததுன்னு சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

ஆக்சுவரிகளின் சங்கத்துக்கு நானே எழுதிவிட்டேன், என் தேதி பொய் என்று. விளக்கம் கேட்பார்கள். அதுவரை உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். இன்று அது பெரிதாகத் தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் மலைமேல் மஞ்சு இறங்குவது தெரிகிறது. மேலே வர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அம்மா ஐம்பத்தேழு வயதில் செத்துப்போன வீட்டை நான் எப்படிப் பார்ப்பேன்?

அன்புடன்,
தேவயானி


மேகமலை,
08-11-2024

அன்புள்ள தேவயானிக்கு,

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. பென்ஷன் மறுபடி வருகிறது, நிறுத்தின மாதங்களுக்கும் சேர்த்து. பொய் ஆள் என்று எழுதினதை டிரஸ்ட் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நான் நாந்தான்னு கோர்ட்லயே சொல்லிட்டாக" என்றாள். ஒரு வாரமாக யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "எந்தப் பஞ்சம்மா?" என்று கேட்டு வம்பு பண்ணுகிறாள்.

வயதை முடிவு செய்ய இரண்டு பேரை அதிகாரி அனுப்பினார். லயன் லயனாக உட்கார்ந்து கேட்டார்கள். எந்த மழையில் எந்தப் பாலம் போனது, எந்த வருஷம் ஃபாக்டரிக்குக் கரண்ட் வந்தது, அப்போது நீ பாவாடையா தாவணியா என்று. அம்மாவுக்கு எழுபத்து மூன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். "இன்னும் அஞ்சு வருசம் கையில இருக்கு" என்று அன்றைக்கே குடையை எடுத்துக்கொண்டு ராமுத்தாய் வீடு வரைக்கும் மேட்டில் ஏறிப் போனாள். இரண்டு வருஷமாக அந்த மேட்டில் ஏறாதவள்.

அவர்கள் கேட்டதைப் பார்த்து எனக்கும் ஒன்று தோன்றியது. நீ பிறந்த அன்று என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டேன். பட்டென்று சொன்னாள்: "ரோடு சரிஞ்ச அன்னைக்கி. நர்சம்மாவைக் கூட்டிட்டு வரப்போன ஜீப்பு அங்கனயே நின்னுபோச்சு. நாந்தான் புள்ளைய வாங்குனேன். கார்த்திகை பொறந்து நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ." வருஷம் தெரியவில்லை அவளுக்கு.

பள்ளிக்கூட அலமாரியில் ஸ்டான்லி வாத்தியார் தினமும் எழுதிய நோட்டுகள் கிடக்கின்றன. கரையான் தின்றது போக மிச்சம். நாலு நாள் சத்துணவு அடுப்பை அணைத்தபின் உட்கார்ந்து புரட்டினேன். கிடைத்தது. அப்படியே எழுதுகிறேன்:

'20-11-1985, புதன். பலத்த மழை. பதினாலாம் வளைவில் சாலை சரிந்தது. பள்ளி விடுமுறை. லயனில் சுப்புத்தாய்க்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.'

அந்த மனுஷனுக்குத் தெரியும் தேவயானி. நீ காதைத் தொட வந்து நின்றபோது உனக்கு மூன்றரை வயது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை வக்கீல் ஹேமாவதியிடம் கொடுத்துச் சான்று வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் சங்கத்துக்குக் காட்டு.

நான் தை மாதத்துக்காரி, எண்பத்து நாலு. உனக்கும் எனக்கும் ஒன்றே முக்கால் வருஷத்துக்கு மேல். நாற்பது முடிந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது பொய்.

வீட்டை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டாயே. அத்தை செத்த வீடு என்று மட்டும் ஏன் நினைக்கிறாய்? மழையில் ரோடு அறுந்து, ஜீப் வராமல், எங்கள் அம்மா கையில் நீ விழுந்த வீடும் அதுதான். இந்த வருஷமும் இருபதாம் தேதி புதன்கிழமை. அன்றைக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு என் செலவில் கேசரி. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் என்ன சொல்ல?

உன்,
பூமாரி


சென்னை,
15-11-2024

பூமாரி அக்காவுக்கு,

புதன்கிழமை காலை சின்னமனூரிலிருந்து முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன். மழை இருக்கும் என்கிறார்கள். ஆணியில் இருக்கும் அம்மாவின் மழைச்சீட்டை எடுத்துக்கொண்டு பதினாலாம் வளைவில் நில். அங்கே இறங்கி அதைக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறேன்.

எனக்கு முப்பத்தொன்பது வயது ஆகப்போகிறது. பிள்ளைகள் கேட்டால் என் தங்கச்சிக்கு என்று சொல்.

உன் தங்கை,
தேவயானி